பஸ்ரா பதக்கமும் பர்மா சட்டையும்

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டு, 1914–18 பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றதையும், அவர்களில் 14 பேர் உயிர்நீத்ததையும் தெரிவிக்கிறது. அவர்கள் உடுத்திய உடையும் சுமந்த பொருள்களும் என்னவாயின என்று தேடத் தொடங்கியதில்தான் உலகப் போர்க்கால ராணுவ உடைமைகளைச் சேகரிக்கும் பழக்கம் எனக்கு வந்தது. அண்மையில் கணியம்பாடிப் பக்கம் ஒரு வீட்டின் ட்ரங்குப் பெட்டியைப் பார்த்துப் பதிவு செய்த முறையை, இத்துறையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பெட்டிக்கு உரியவரான பெரியவரின் தாத்தா முதல் போரில் இன்றைய ஈராக்கிலுள்ள பஸ்ராவுக்கும், தந்தை இரண்டாம் போரில் பர்மாவுக்கும் போனவர்கள். பெட்டியைத் திறந்ததும் எதையும் வெளியே எடுக்காமல், பொருள்கள் இருந்த அடுக்கிலேயே முதலில் படம் எடுத்தேன்; எந்தப் பொருள் எதனுடன் இருந்தது என்பது, யாருடையது என்று அறிய உதவும். "புளி போட்டு விளக்கித் தரட்டுமா தம்பி?" என்று பதக்கத்தைக் கையில் எடுத்த வீட்டு அம்மாவிடம், வேண்டாம் என்று பணிவாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன். விளக்க விளக்க எழுத்து தேயும்.

அந்த எழுத்துதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். முதல் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியால் ஆனது. அதன் விளிம்பில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். லென்ஸை வைத்து விளிம்பை மெல்லத் திருப்பியபோது, 'சாப்பர்' (பாலம், பாதை, அகழி அமைக்கும் பொறியியல் படைச் சிப்பாய்) என்ற பதவியும், பெரியவர் சொன்ன அதே பெயரும், '2 க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.' என்ற சுருக்கமும் தெரிந்தன. 'இரண்டாம் குயீன் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்பதன் சுருக்கம் அது; மதராஸ் சாப்பர்ஸ் படை அக்காலத்தில் அந்தப் பெயரில்தான் இயங்கியது. வெள்ளி என்பதாலேயே இவ்வகைப் பதக்கங்கள் பல அடகுக்கும் உருக்குவதற்கும் போய், உடன் கிடைத்த வெண்கல வெற்றிப் பதக்கம் மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது. இங்கே இரண்டும் சேர்ந்தே இருந்தன. போரில் இறந்தவராக இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டிலும் தேடலாம். அதில் பல பெயர்களுக்கு எதிரே தந்தை பெயரும் ஊரும் 'வட ஆற்காடு' என்ற மாவட்டப் பெயரும் காணப்படுகின்றன.

பர்மா சட்டை காட்டுப் பச்சை நிறத்தது. முந்தைய காக்கி காட்டுப்போருக்குப் பொருந்தாததால் வந்த மாற்றம் அது. 1937 மாதிரி வெப்பிங் (தடித்த பருத்தி நெசவுப் பட்டை) பெல்ட்டையும் தோட்டாப் பைகளையும் உட்புறம் திருப்பி, உற்பத்தி முத்திரையும் ஆண்டும் பார்த்தேன். சுதந்திரத்துக்குப் பிறகும் இதே வடிவம் நம் ராணுவத்தில் தொடர்ந்ததால், ஆண்டைப் பார்க்காமல் போர்க்காலப் பொருள் என்று நம்புவது தவறு. புற ஊதா விளக்கில் தையல் நூல் பளீரென ஒளிர்ந்தால் அது பிற்காலத்து நூலாக இருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும், இது ஒளிரவில்லை. பெல்ட்டில் பூசிய பிளாங்கோ என்ற நிறப்பூச்சும் சட்டையின் வியர்வைக் கறையும் அந்தச் சிப்பாயின் அன்றாடத்தைச் சொல்பவை என்பதால் எதையும் துவைக்கவில்லை. வலைத்துணியை மேலே விரித்து, குறைந்த இழுவிசையில் வேக்குவம் கிளீனரால் தூசி எடுத்து, கஞ்சி போடாத பருத்தித் துணியில் சுற்றினேன்.

பெட்டியின் அடியில், துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியான பயோனெட் ஒன்றும் இருந்தது. படைக்கல விதிகளின் ஆயுதப் பட்டியலில் பயோனெட் வருவதால், உரிமம் தேவையா என்று காவல்துறையிடம் எழுத்துமூலம் கேட்கும்படி குடும்பத்தாரிடம் சொன்னேன். நான் அந்தப் பயோனெட்டை வாங்கிக்கொள்ளவில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த இத்தகைய கலைப்பொருள்கள் தொல்பொருள்களாகலாம்; அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முதல் போர்ப் பொருள்களுக்கு இப்போது அந்த வயது ஆகிவிட்டது என்பதையும் விளக்கினேன்.

பதக்கங்களைக் குடும்பமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். பெயர் பொறித்த பொருளை வம்சத்திடமிருந்து பிரிப்பதை நான் சேகரிப்பாகக் கருதுவதில்லை. சட்டையும் வெப்பிங்கும் எழுத்துமூல ஒப்புதலோடு என்னிடம் வந்தன. பெரியவர் சொன்ன விவரங்களைத் தாளில் எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டித் திருத்தி, கையெழுத்து பெற்று, ஒரு பிரதியைச் சட்டையுடனும் மற்றொன்றை அவர் வீட்டுப் பெட்டியிலும் வைத்தோம்.