சாம்பிள் லேபுக்குப் போய்ச் சேரும் வரை

ஆஸ்பத்திரியில் சாம்பிள் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். வார்டில் ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருந்தேன். லேபிலிருந்து சீனியர் அக்கா அழைத்தார். "பொட்டாசியம் 9-க்கு மேலே, கால்சியம் 4-க்குக் கீழே காட்டுகிறது. இந்தச் சாம்பிளை நீதானே எடுத்தாய்? எப்படி எடுத்தாய் என்று ஒன்று விடாமல் சொல்."

பொட்டாசியம் சாதாரணமாக 3.5-லிருந்து 5 வரை இருக்கும். 9 என்றால் இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம். மருத்துவர் ஓடிப்போய் இசிஜி எடுத்தார். அதில் எந்தக் கோளாறும் இல்லை. நோயாளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். கோளாறு என் கையில்தான் நடந்திருந்தது. சிவப்பு மூடி ட்யூபில் ரத்தம் போதவில்லை, ஊதா மூடி ட்யூபில் கொஞ்சம் அதிகமாக இருந்தது. இன்னொரு முறை குத்த வேண்டாமே என்று ஊதாவைத் திறந்து சிவப்பில் கொஞ்சம் ஊற்றியிருந்தேன்.

ஊதா ட்யூபில் இருப்பது இடிடிஏ என்ற உப்பு. ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். இடிடிஏ அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ரத்தம் உறையாமல் இருக்கிறது. அந்த உப்பிலேயே பொட்டாசியமும் இருக்கிறது. நான் ஊற்றிய சில சொட்டுகள் பொட்டாசியத்தை ஏற்றி, கால்சியத்தை இறக்கிவிட்டன. மெஷின் சரியாகத்தான் அளந்தது. அக்கா திட்டவில்லை. "போதவில்லை என்றால் அவரிடம் சொல்லிவிட்டு இன்னொரு முறை குத்து. அவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை. ஒரு ட்யூபுக்குள் போன ரத்தம் இன்னொரு ட்யூபுக்குப் போகக் கூடாது" என்றார். நான் திரும்பிப் போய், அந்த நோயாளியிடம் நடந்ததைச் சொல்லி, மறுபடி எடுத்தேன். அந்த முறை பொட்டாசியம் 4.2 வந்தது.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அக்காவின் மேற்பார்வையில் வேலை செய்து, தனியாக எடுக்கவும் கொண்டுபோகவும் கையெழுத்து வாங்கினேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் ஊசி குத்துவதைத்தான் பெரிய விஷயமாக நினைத்து வருகிறார்கள். நரம்பு கிடைக்குமா என்பதே முதல் பயம். (நரம்பு என்று நாம் எல்லோரும் சொல்வது உண்மையில் சிரையை. நரம்பில் ஊசி பட்டால் கை முழுக்க மின்சாரம் பாய்ந்தது போல இருக்கும், உடனே ஊசியை எடுத்துவிட வேண்டும்.) குத்துவது சில வாரத்தில் கைவந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற வேலைதான் கடினம், அதில் நடக்கிற தப்பு வெளியே தெரியவும் தெரியாது.

ட்யூப் வரிசையை முதலில் மனப்பாடமாகத்தான் கற்றேன். கல்ச்சர் பாட்டில் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பது), நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். பொட்டாசியம் சம்பவத்துக்குப் பிறகுதான் காரணம் மண்டையில் ஏறியது. முந்தைய ட்யூபின் மருந்து ஊசி முனையில் ஒட்டிக்கொண்டு அடுத்ததற்குள் போகலாம். அதனால்தான் சிவப்புக்குப் பின்னால் ஊதா. கல்ச்சர் முதலில் வருவது, மற்ற ட்யூபின் மூடியில் இருக்கும் கிருமி அதற்குள் போகாமலிருக்க. மூடியின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால் ட்யூபில் அச்சடித்திருப்பதையும் படிக்க வேண்டும்.

நீல மூடி ட்யூபுக்குத் தனி மரியாதை வேண்டும். அதில் ரத்தத்தை உறையாமல் வைக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்ற கணக்கு. கோடு வரை நிரம்பாவிட்டால் சிட்ரேட் மிஞ்சிப்போய், ரத்தம் உறைய அதிக நேரம் எடுப்பதாக ரிசல்ட் வரும். அதை நம்பி, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிற ஒருவருக்கு மருந்தைக் குறைத்துவிட்டால் என்ன ஆகும்? மெல்லிய குழாய் இணைத்த பட்டர்ஃபிளை ஊசியில் எடுக்கும்போது அந்தக் குழாயில் இருக்கிற காற்று முதலில் ட்யூபுக்குள் போய் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் வேறொரு நீல ட்யூபைப் போட்டு, ரத்தம் வந்ததும் அதை எறிந்துவிட்டு, அப்புறம் உண்மையான ட்யூபைப் போடுவேன்.

எடுத்த பிறகு கலக்க வேண்டும். ஆட்டக் கூடாது, கவிழ்க்க வேண்டும். ட்யூபின் மேலே இருக்கும் காற்றுக் குமிழியைப் பாருங்கள்: தலைகீழாகப் பிடித்தால் அது மெதுவாக அடியிலிருந்து மேலே ஏறும், நிமிர்த்தினால் திரும்பி வரும். இந்தப் பயணம் ஒரு முறை. ஊதாவுக்கு எட்டிலிருந்து பத்து முறை, நீலத்துக்கு மூன்று நான்கு போதும். வேகமாகக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து, சீரம் (ரத்தம் உறைந்த பிறகு பிரிந்து நிற்கும் தெளிந்த நீர்) வைக்கோல் நிறத்துக்குப் பதில் சிவந்து வரும். செல்லுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்துவிடும். தோலில் தடவிய ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தினாலும், சிரிஞ்சை வலுவாக இழுத்தாலும், ரத்தத்தை ட்யூபுக்குள் அழுத்திப் பீய்ச்சினாலும் இதே கதிதான். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நோயாளியைக் கையை மூடி மூடித் திறக்கச் சொல்லும் பழக்கமும் வேண்டாம், அதிலும் பொட்டாசியம் ஏறும்.

சரி, இப்போது லேபிளுக்கு வருகிறேன். நான் இன்றைக்கும் தூக்கத்தில் நினைத்துப் பதறுவது இதைத்தான்.

கூட்டம் அதிகமான ஒரு காலை. பெயரைச் சொல்லி அழைத்தேன். ஒரு பெரியவர் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நீங்கதானே ஐயா அது?" என்று பெயரைச் சொல்லிக் கேட்டேன். தலையாட்டினார். இரண்டு ட்யூப் எடுத்தேன். லேபிளைக் கையில் எடுத்த பிறகுதான் அக்கா பழக்கியது நினைவுக்கு வந்து, "உங்க பிறந்த தேதி சொல்லுங்க ஐயா" என்றேன். காதுக்கு அருகே இரண்டாம் முறை சொன்ன பிறகே அவருக்குக் கேட்டது. அவர் சொன்ன தேதி லேபிளில் இல்லை. பெயரைச் சொல்லச் சொன்னேன். வேறு பெயர். நான் அழைத்தவர் கழிப்பறைக்குப் போயிருந்தார். இவர் வரிசை நகர்ந்தது என்று நினைத்து எழுந்து வந்தவர், காது கேட்காததால் நான் கேட்டதற்கெல்லாம் மரியாதைக்காகத் தலையாட்டியிருக்கிறார்.

அந்த இரண்டு ட்யூபும் அப்போது என் கையில் வெதுவெதுப்பாக இருந்தன. லேபிள் மட்டும் ஒட்டியிருந்தால் அவை இன்னொருவருடைய ரத்தமாகிவிட்டிருக்கும். லேபில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ட்யூபைப் பார்த்து யாருடைய ரத்தம் என்று சொல்ல வழியில்லை, ஒட்டிய பெயர்தான் எல்லாம். சர்க்கரை, கொழுப்பு என்றால் ஒரு தவறான மாத்திரை. ரத்த வகைக்கான சாம்பிளாக இருந்தால், பொருந்தாத ரத்தம் ஏறி ஆளே போய்விடலாம். அதனால்தான் முதல் முறை ரத்த வகை பார்க்கும்போது, வேறொரு நேரத்தில் தனியாக எடுத்த இரண்டாவது சாம்பிளையும் கேட்பார்கள். ஒரே குத்தில் இரண்டு ட்யூப் எடுத்து, நேரத்தை மாற்றி எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த இரண்டாவது சாம்பிள் கேட்பதே நம் முதல் தப்பைப் பிடிக்கத்தான்.

அன்றிலிருந்து நான் பெயரைச் சொல்லிக் கேட்பதே இல்லை. "உங்கள் பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்று அவர்கள் வாயால் சொல்ல வைப்பேன். வார்டில் என்றால் நோயாளியின் பெயர் எழுதிய கைப்பட்டையோடும் படிவத்தோடும் ஒத்துப்பார்ப்பேன். படுக்கை எண்ணை அடையாளமாக எடுத்துக்கொள்வதில்லை, நோயாளிகள் படுக்கை மாறுவார்கள். லேபிளை முன்கூட்டியே ஒட்டி வைப்பதில்லை. எடுத்த பிறகு, அவர் முன்னாலேயே ஒட்டி, நேரமும் என் இனிஷியலும் எழுதிவிட்டுத்தான் நகர்வேன். மூடியில் ஒட்டுவது வீண், மூடி கழன்றால் பெயரும் போச்சு. பார்கோடின் கோடுகள் ஏணிப்படி போல இருக்கும்படி, ட்யூபின் நீளவாக்கில் நேராக ஒட்ட வேண்டும். கோணலாக ஒட்டினால் மெஷின் படிக்காது. கையால் எழுதினால் ஈரத்தில் கரையாத மை வேண்டும். ஜெல் பேனாவில் எழுதிய ஒரு பெயர் ஐஸ் தண்ணீர் பட்டு நீலக் கறையாக வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நோயாளிகளே எடுத்து வரும் சாம்பிள்களில் நம் வேலை விளக்குவது. 24 மணி நேரச் சிறுநீர் இதில் மிகவும் சிக்கலானது. காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும், அதற்குப் பிறகு எல்லாம் கேனுக்குள், மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் வரை. ஒரு அம்மா கேனைக் கொடுத்துவிட்டு, "நடுவில் ஒரு தடவை மட்டும் வெளியே போயிருந்தேன்" என்றார். முழுக் கேனையும் கொட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். அவரிடம் முதல் நாள் இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த ஒரு நாள் வீணாகியிருக்காது. சளியும் அப்படித்தான். காலையில் ஆழமாக இருமி, நெஞ்சிலிருந்து வருவது வேண்டும் என்று செய்தே காட்டாவிட்டால் டப்பாவில் எச்சில்தான் வரும்.

கொண்டுபோகும் வேலைக்கு மாற்றியபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதுதானே என்று நினைத்தேன். முதல் மாதமே ஒரு சிறுநீர் டப்பாவின் மூடி சரியாக இறுகாமல் பைக்குள் கசிந்தது. பக்கத்துப் படிவங்கள் எல்லாம் நனைந்து, மூன்று பேருடைய சாம்பிளை மறுபடி கேட்க வேண்டியதாயிற்று. இதற்குத்தான் மூன்று அடுக்கு. முதலில் கசியாத ட்யூப் அல்லது டப்பா. அதைச் சுற்றி, உடைந்தால் மொத்தத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் அளவுக்குப் பஞ்சோ உறிஞ்சும் தாளோ. அதற்கு மேல் கசியாத இரண்டாவது உறை. வெளியே உறுதியான பெட்டி. படிவம் இரண்டாவது உறைக்கு வெளியே, ஒருபோதும் ட்யூபோடு சேர்த்து அல்ல. சாதாரண நோயாளிகளின் சாம்பிள் விமானத்தில் போனால் பெட்டியின் மேல் சாய்சதுரத்துக்குள் யூஎன் 3373 (பரிசோதனைக்குப் போகும் நோயாளி சாம்பிள் என்று பொருள்) என்ற குறி இருக்க வேண்டும். உள் அடுக்குகளில் ஒன்று 95 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும். உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்தால் பெட்டியை காற்றுப் புகாமல் அடைக்கவே கூடாது. அது உருகாமல் நேராக வாயுவாக மாறி, பெட்டியையே வெடிக்க வைத்துவிடும்.

குளிரில் வைத்தால் எல்லாம் பத்திரம் என்பது நான் கொண்டிருந்த பெரிய தவறான எண்ணம். சீரத்தைப் பிரிக்காத ரத்தத்தைக் குளிரில் வைத்தால் செல்லுக்குள் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் பம்ப் சோர்ந்துபோய், பொட்டாசியம் கசிந்து வெளியே வரும். வெளியிலேயே விட்டால் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5-லிருந்து 7 சதவீதம் வரை குறையும். அதனால் உறைந்ததும் சென்ட்ரிஃபியூஜ் என்ற வேகமாகச் சுழலும் மெஷினில் சுற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். கல்ச்சருக்கான சிறுநீர் இரண்டு மணி நேரத்துக்குள் போகாது என்றால் குளிரில். ரத்தக் கல்ச்சர் பாட்டில் குளிரில் வைக்கவே கூடாது. அம்மோனியா பார்க்கும் ரத்தம் ஐஸில். பிலிருபின் (மஞ்சள் காமாலைக்குப் பார்ப்பது) வெளிச்சம் படாமல். என் பெட்டியில் இப்போது இரண்டு அறை இருக்கிறது. ஐஸ் பேக் ட்யூபை நேரடியாகத் தொடாமல் நடுவில் அட்டை, உள்ளே ஒரு வெப்பமானி, கிளம்பும்போதும் சேரும்போதும் எழுத ஒரு தாள்.

போன மாதம் ஓர் இரவு, இரண்டு வயதுக் குழந்தைக்கு மூளைக் காய்ச்சலா என்று பார்க்க முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். மூன்று சிறு ட்யூப், எடுத்த வரிசைப்படி 1, 2, 3 என்று எண். ஒவ்வொன்றிலும் இருபது சொட்டு இருக்கும். கொட்டிவிட்டால் அந்தக் குழந்தையை மறுபடி வளைத்துப் பிடித்துக் குத்த வேண்டும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஐஸ் பெட்டியோடு தயாராக நின்றான். "வேண்டாம்ப்பா, இதற்குக் குளிர் ஆகாது. மூளைக் காய்ச்சல் தரும் சில கிருமிகள் குளிரில் செத்துப்போகும், அப்புறம் கல்ச்சரில் ஒன்றும் வளராது" என்றேன். தாயிடம் குழந்தையின் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லச் சொன்னேன். அழுகைக்கு நடுவே சொன்னார். கைப்பட்டையைப் பார்த்தேன், அவர் முன்னாலேயே லேபிளை ஒட்டினேன், நேரம் எழுதினேன்: 2.10. உறைக்குள் போட்டு, நிமிர்த்திப் பிடித்தபடி நானும் தம்பியும் படியிறங்கினோம். லேபில் இருந்தவர் மூன்று ட்யூபின் பெயரையும் படிவத்தோடு சத்தமாகப் படித்து ஒத்துப்பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். 2.19. அவர் அப்படியே ட்யூபை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.