எடிட்டிங் கத்துக்க கம்ப்யூட்டர் வாங்கறதுக்கு முன்னாடி, நான் பண்ண தப்பை ஒரு தடவை படிச்சிட்டு போங்க

ஃபிலிம் மேக்கிங் கோர்ஸ்ல சேர்ந்த உடனே நான் பண்ண முதல் வேலை லேப்டாப் வாங்கினது. கேமராவை தொடறதுக்கு முன்னாடியே. எந்த சாஃப்ட்வேர்ல கத்துத் தரப் போறாங்கன்னு கூட கேக்கல, எடிட்டிங்னா கிராபிக்ஸ் கார்டு பெருசா இருக்கணும்னு எங்கயோ கேட்டது மண்டைல உக்காந்துடுச்சு, அதனால கேம் ஆடறவங்களுக்குன்னு வர்ற லேப்டாப்பா பாத்து வாங்கினேன், கீபோர்டுல கலர் கலரா லைட் எல்லாம் எரியும், பாக்க கெத்தா இருக்கும். ரேம் 8 ஜிபி, அப்புறம் ஏத்திக்கலாம்னு விட்டேன். ஸ்க்ரீன் எப்படின்னு யோசிக்கவே இல்ல.

முதல் டெர்ம்ல 5 நிமிஷ குறும்படம் ஒண்ணு முடிச்சு குடுக்கணும். கேமரா இரவல், 4கே, எச்.265, 10 பிட், 4:2:2னு (கடைசி ரெண்டும் கலரை எவ்ளோ நுணுக்கமா பதியணும்ங்கறது) மெனுல இருக்கறதுலயே பெருசா பாத்து செட் பண்ணி ஷூட் பண்ணோம். டைம்லைன்ல, அதாவது சாஃப்ட்வேர்ல ஷாட்டை வரிசையா அடுக்கற எடத்துல, போட்டு ப்ளே அமுக்கினேன், ஒரு பையன் படி இறங்கி ஓடி வர்ற ஷாட், முதல் படில நிக்கறான், அடுத்து நேரா அஞ்சாவது படில இருக்கான், நடுவுல ஒண்ணும் காணோம், ஃபேன் மட்டும் மிக்ஸி மாதிரி கத்துது. எந்த பிரேம்ல வெட்டணும்னு கண்ணுக்கே தெரியலன்னா என்னத்த எடிட் பண்றது? பக்கத்துல என் கிளாஸ்மேட் ஒருத்தன், கிராபிக்ஸ் கார்டே இல்லாத ஒல்லி லேப்டாப், இன்டெல் 11வது ஜெனரேஷன் சிப், அதே மெமரி கார்டுல இருந்து காப்பி பண்ண அதே கிளிப், நானும் அவனும் பிரீமியர் ப்ரோங்கற அதே எடிட்டிங் சாஃப்ட்வேர்தான், அவனுக்கு தண்ணி மாதிரி ஓடுது. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

எங்க சீனியர் அண்ணா ஒருத்தர் வந்து பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி லேப்டாப்பை பத்தி இல்ல. "தம்பி, உன் கேமரா என்ன ஃபைல் குடுக்குது?" அவ்ளோதான் கேட்டார். "4கே அண்ணா"ன்னேன். "அது சைஸுடா, நான் கேட்டது கோடெக்"ன்னார். எனக்கு ரெண்டும் ஒண்ணுன்னுதான் அது வரைக்கும் நெனப்பு.

அவர் சொன்னதை எனக்கு புரிஞ்ச மாதிரி சொல்றேன். கோடெக்னா வீடியோவை சுருக்கி ஃபைல்ல எழுதற முறை. எச்.264, எச்.265 எல்லாம் எடத்தை மிச்சம் பண்றதுக்காக வந்த கோடெக். பெரும்பாலும் ஒரு பிரேமை முழுசா எழுதி வெச்சுட்டு, அடுத்து வர்ற பிரேம்கள்ல என்ன மாறுச்சோ அதை மட்டும் குறிச்சு வெச்சுக்கும். படம் பாக்கறப்ப முன்னாடியே போய்ட்டு இருக்கறதால பிரச்சனை இல்ல. எடிட்டிங்ல நாம முன்ன போவோம், பின்ன வருவோம், நடுவுல ஒரு பிரேம்ல நிப்போம், ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் அந்த முழு பிரேம் எங்க இருக்குன்னு போய் அங்கிருந்து கணக்கு போட்டுகிட்டே வரணும். இந்த கணக்கை போட சிப்புக்குள்ளயே தனியா ஒரு பகுதி இருக்கும், இன்டெல்ல குயிக் சிங்க்னு பேரு, ஆப்பிள்ல மீடியா என்ஜின். எல்லா சிப்லயும் எல்லா வகை ஃபைலுக்கும் அது இருக்காது, அங்கதான் நான் மாட்டுனது. என்கிட்ட இருந்த என்விடியா கார்டு சாதாரண எச்.265 எல்லாம் நல்லாவே ஓட்டும், ஆனா அந்த 4:2:2 வகையை திறக்கத் தெரியாது, என்விடியால 2025ல வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைலதான் அதை குடுத்தாங்க. இன்டெல்ல 11வது ஜெனரேஷன்லயே இருக்கு. ஆப்பிளோட எம்1ல இருந்தே இருக்கு. என் பெரிய கார்டு சும்மா உக்காந்திருக்க, பாவம் ப்ராசசர் ஒத்தை ஆளா எல்லா கணக்கையும் போட்டுட்டு இருந்திருக்கு.

இதுல டெஸ்க்டாப் அசெம்பிள் பண்றவங்க கவனிக்க வேண்டிய ஒண்ணு, இன்டெல் ப்ராசசர் பேருக்கு கடைசில எஃப்னு ஒரு எழுத்து இருந்தா அதுல உள்ள இருக்கற கிராபிக்ஸ் இல்ல, அப்ப குயிக் சிங்கும் இல்ல. கொஞ்சம் விலை கம்மியா வருதேன்னு அதை எடுத்துடுவாங்க, கேமுக்கு ஓகே, நம்ம வேலைக்கு அந்த மிச்சம் பண்ண காசு தண்டம்.

ஆனா அன்னைக்கு எனக்கு புது கம்ப்யூட்டர் வாங்க வழி இல்ல, சப்மிஷனுக்கு 6 நாள்தான் இருக்கு. அண்ணா பண்ண சொன்னது ப்ராக்ஸி. ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன சைஸ்ல, ப்ரோரெஸ் ப்ராக்ஸி மாதிரி ஈசியா ஓடற கோடெக்ல ஒரு நகல் எடுத்து வெச்சு, அதுல எடிட் பண்ணிட்டு, எக்ஸ்போர்ட் பண்றப்ப சாஃப்ட்வேரே ஒரிஜினலை எடுத்துக்கும். ராத்திரி போட்டுட்டு படுத்தேன், காலைல அதே படி ஷாட், ஒவ்வொரு படியா இறங்கறான். அதே லேப்டாப்! அன்னைக்கு எனக்கு வந்த சந்தேகம், இந்த ஒரு விஷயம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா வீட்ல இருந்த பழைய கம்ப்யூட்டர்லயே முதல் வருஷத்தை ஓட்டியிருக்கலாமோன்னு. ஓட்டியிருக்கலாம். அதனாலதான் யார் கேட்டாலும் நான் சொல்றது, கையில என்ன இருக்கோ அதுல ப்ராக்ஸி போட்டு ஒரு படமாவது முழுசா முடிங்க, எங்க இடிக்குதுன்னு உங்களுக்கே தெரியும், அப்புறம் வாங்குங்க.

சாஃப்ட்வேர் எதுன்னு கேட்டா சண்டை வந்துடும், இருந்தாலும் என் கருத்தை சொல்லிடறேன். தனியா கத்துக்கறவங்களுக்கு டாவின்சி ரிசால்வ் இலவச வெர்ஷன். அது ட்ரையல் கிடையாது, சாதாரணமா வாட்டர்மார்க் போடாது, நாள் முடியாது, எடிட்டிங், கலர், சவுண்ட், எஃபெக்ட்ஸ் எல்லாம் ஒரே எடத்துல, 4கே யுஎச்டி வரைக்கும் எக்ஸ்போர்ட் ஆகும். நாய்ஸ் ரிடக்ஷன் மாதிரி சிலது காசு குடுத்து வாங்கற ஸ்டுடியோ வெர்ஷன்லதான், அதுவும் ஒரே தடவை காசுதான். ரெண்டு எடத்துல கடிக்கும். ஒண்ணு, கிராபிக்ஸ் கார்டை நல்லா உறிஞ்சும், சின்ன லேப்டாப்ல கலர் பேஜ் போனா திணறும். இன்னொண்ணு, லினக்ஸ்ல இலவச வெர்ஷன் எச்.264, எச்.265 ஃபைலை திறக்கவே திறக்காது, லினக்ஸ் ஆளுங்க மாத்தித்தான் உள்ள கொண்டு வரணும், இல்லன்னா கேடன்லைவ் இருக்கு, அது ஓப்பன் சோர்ஸ், பழைய மெஷின்லயும் ஓடும், வெட்டி ஒட்ட கத்துக்க தாராளமா போதும்.

ரிசால்வ்ல இன்னொரு விஷயம், என் ஃப்ரெண்ட் இதுல அழுதே விட்டா. ப்ராஜெக்ட் தனி ஃபைலா உங்க ஃபோல்டர்ல இருக்காது, அதோட டேட்டாபேஸ்க்குள்ள இருக்கும். ஃபோல்டரை அப்படியே ஹார்டு டிஸ்க்ல காப்பி பண்ணி வெச்சாச்சுன்னு நெனச்சு விண்டோஸை ஃபார்மேட் பண்ணியிருக்கா, ஷாட் எல்லாம் பத்திரமா இருக்கு, 3 வாரம் வெட்டின டைம்லைன் போச்சு. தினமும் முடிக்கறப்ப ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் பண்ணி டிஆர்பி (.drp) ஃபைலா எடுத்து வைங்க, ஒரு நிமிஷம் கூட ஆகாது.

பிரீமியர் சந்தா கட்டணும், கட்டறதை நிறுத்தினா உங்க பழைய ப்ராஜெக்டையே திறக்க முடியாது, மாணவர்களுக்கு சலுகை உண்டு. நீங்க சேர்ற எடத்துல அதுதான் கத்துத் தராங்கன்னா யோசிக்காம அதையே எடுங்க, பக்கத்துல உக்காந்து சொல்லித் தர ஆள் இருக்கறது எந்த ஃபீச்சரை விடவும் பெருசு. ஆனா க்ரூப் வேலைன்னா எல்லாரும் ஒரே வெர்ஷன் போட்டுக்கங்க, புது வெர்ஷன்ல சேவ் பண்ணது பழசுல திறக்காது, யாரோ ஒருத்தர் நடுராத்திரி அப்டேட் அமுக்கி மொத்த டீமும் தவிச்ச கதை எங்க பேட்ச்ல ரெண்டு தடவை நடந்துச்சு. ஃபைனல் கட் ப்ரோ விண்டோஸ்ல கிடையாது, மேக்ல ஒரே தடவை வாங்கிக்கலாம், ரொம்ப வேகம், டைம்லைன்ல கிளிப் எல்லாம் தானா நகர்ந்து ஒட்டிக்கறது சிலருக்கு வரம் சிலருக்கு தலைவலி, எனக்கு தலைவலி. அவிட்ங்கற சாஃப்ட்வேரை, பெரிய படங்கள்ல அசிஸ்டன்ட் எடிட்டரா போற எண்ணம் இருந்தா அப்புறமா கத்துக்கங்க, முதல் நாளே வேண்டாம்.

கம்ப்யூட்டருக்கு வரேன். ரேம் 16 ஜிபிக்கு கீழ எடுக்காதீங்க, எஃபெக்ட்ஸ் பக்கம் போற ஆசை இருந்தா 32. ஆப்பிள் சிலிக்கான் மேக்ல பின்னாடி ரேம் ஏத்தவே முடியாது, வாங்கற அன்னைக்கு முடிவு பண்றதுதான், சில ஒல்லி விண்டோஸ் லேப்டாப்லயும் ரேமை போர்டோட சேத்து சால்டர் பண்ணியிருப்பாங்க, கேட்டுட்டு வாங்குங்க. லேப்டாப்ல ஒரே பேர் இருக்கற கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு 60 வாட்ல ஓடும் இன்னொண்ணு 120 வாட்ல ஓடும், பேரை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. அப்புறம் சார்ஜர் போடாம எடிட் பண்ணிட்டு "ஸ்லோவா இருக்கு"ன்னு சொல்றவங்க பாதி பேர், நானும் அதுல ஒருத்தன்தான்.

எடம் எவ்ளோ வேணும்னு குத்துமதிப்பா சொல்லாம கணக்கு போடுங்க. கேமரா மெனுல 100 எம்பிபிஎஸ்னு, அதாவது செகண்டுக்கு 100 மெகாபிட்னு இருந்தா, 8 பிட் ஒரு பைட், அதனால அதை 8ஆல வகுத்தா செகண்டுக்கு 12.5 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 10 நிமிஷ படத்துக்கு பத்து மடங்கு ஷூட் பண்ணா 100 நிமிஷம், 75 ஜிபி. இன்னொரு காப்பி கண்டிப்பா வேணும், 150. ப்ராக்ஸி, சாஃப்ட்வேர் தற்காலிகமா எழுதி வைக்கற கேஷ் ஃபைல் எல்லாம் சேந்தா 512 ஜிபி லேப்டாப் ரெண்டே படத்துல மூச்சு முட்டும். அதனால சாஃப்ட்வேரும் விண்டோஸும் உள்ள இருக்கற எஸ்எஸ்டில, ஷாட்ஸ் வெளில ஒரு எஸ்எஸ்டில, பேக்கப் சாதா ஹார்டு டிஸ்க்ல, அதுல எடிட் பண்ண வேண்டாம், சேத்து வைக்க மட்டும்.

ஃபோன்ல ஷூட் பண்றவங்களுக்கு ஒரு பொறி இருக்கு. நிறைய ஃபோன் வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி பிரேம் ரேட்டை (செகண்டுக்கு எத்தனை பிரேம்ங்கறதை) ஏத்தி எறக்கிக்கும். நாங்க தனியா ரெக்கார்டர்ல சவுண்ட் எடுத்த ஒரு 8 நிமிஷ டேக், ஆரம்பத்துல உதடும் குரலும் கரெக்டா இருக்கு, கடைசில அம்மா கேரக்டர் "போயிட்டு வா"ன்னு சொல்லி வாயை மூடிட்டாங்க, குரல் அதுக்கப்புறம் வருது. பேய்ப்படம் மாதிரி. ஹேண்ட்பிரேக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கான்ஸ்டன்ட் பிரேம் ரேட்டுக்கு மாத்திட்டு அப்புறம் உள்ள கொண்டு வாங்க. எடிட் பாதி முடிச்சிட்டு மாத்தினா திரும்ப முதல்ல இருந்துதான்.

ஸ்க்ரீன் பத்தி நான் கடைசியாதான் கத்துக்கிட்டேன், அதுவும் எல்லார் முன்னாடியும். என் லேப்டாப் ஸ்க்ரீன் 45 சதவீதம் என்டிஎஸ்சி (ஸ்க்ரீன் எவ்ளோ கலர் காட்டும்னு சொல்ற ஒரு அளவு), அப்படின்னா கலர் வெளுத்துதான் தெரியும். வெளுப்பா இருக்கேன்னு நான் சாச்சுரேஷனை, அதாவது கலர் அடர்த்தியை, ஏத்திகிட்டே போயிருக்கேன், ஸ்க்ரீனிங் அன்னைக்கு ப்ரொஜெக்டர்ல பாத்தா ஹீரோ மூஞ்சி ஆரஞ்சுப் பழம். பின்னாடி வரிசைல சிரிச்சது இன்னும் காதுல இருக்கு. ஐபிஎஸ்னு ஒரு வகை பேனல், எஸ்ஆர்ஜிபி (இதுவும் கலர் அளவுதான்) 100 சதவீதம் அல்லது பக்கத்துல இருக்கறதா பாருங்க, லேப்டாப்ல இல்லன்னா தனியா ஒரு மானிட்டர் வெச்சுக்கங்க. அதுவும் முடியலயா, சாஃப்ட்வேர்ல வெளிச்சத்தையும் கலரையும் அளந்து காட்டற வேவ்ஃபார்ம், வெக்டர்ஸ்கோப் பாக்க கத்துக்கங்க. வெக்டர்ஸ்கோப்ல தோல் நிறத்துக்குன்னு ஒரு கோடு இருக்கும், மூஞ்சி அந்த கோட்டு பக்கத்துல நிக்குதான்னு ஸ்க்ரீன் எவ்ளோ மட்டமா இருந்தாலும் தெரியும்.

படிப்பு விஷயத்துல எனக்கு உதவினது ட்யூட்டோரியல் பாக்கறதை விட ஒரே சீனை திரும்பத் திரும்ப வெட்டினது. அந்த படி சீனை 7 தடவை வெட்டியிருக்கேன், ஒரு தடவை இசை இல்லாம, ஒரு தடவை வைட் ஷாட்டே இல்லாம, ஒரு தடவை பாதி நீளத்துக்கு. ஜே, கே, எல்னு மூணு கீ பழகிட்டா மௌஸை தேடற நேரம் மிச்சம், பின்னாடி, நிறுத்து, முன்னாடி, எந்த சாஃப்ட்வேர் மாறினாலும் அந்த மூணும் அதே வேலையைத்தான் செய்யும்.

வாங்கறப்ப பென் டிரைவ்ல உங்க கேமரா கிளிப் ரெண்டு எடுத்துட்டு போங்க, வாங்க நெனக்கற மாடல் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது இருந்தா அதுல போட்டு பின்னாடியும் முன்னாடியும் இழுத்து பாருங்க, ரிவ்யூ பத்து படிக்கறதை விட அந்த அஞ்சு நிமிஷம் போதும். நான் ரெண்டாவது லேப்டாப்பை அப்படித்தான் வாங்கினேன். பழைய லைட் எரியற லேப்டாப்பை விக்கல, இப்ப அது ப்ராக்ஸி போடற வேலைக்கு மட்டும், ராத்திரி ஓட விட்டுட்டு தூங்கிடுவேன். ஒரு தடவை காலைல வந்து பாத்தா 12வது கிளிப்லயே ஸ்லீப் மோடுக்கு போய் அதுவும் என் கூடவே தூங்கியிருக்கு, அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணிட்டு படுங்க.