வாடகை குறைந்த வீடு, ஒரு மணி நேர ரயில்

என் அப்பா செங்கல்பட்டிலிருந்து பாரிமுனைக்கு 27 வருடம் மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வந்தவர். போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது. காலை ஆறே காலுக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதுக்கு மேல்தான் வீடு திரும்புவார். அதற்குள் நான் தூங்கியிருப்பேன். காலையில் தலையணைக்குப் பக்கத்தில் கடலை உருண்டைப் பொட்டலம் இருந்தால், ராத்திரி அப்பா வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். 2023-ல் குடும்பத்தை சிங்கப்பூருக்கு அழைத்துக்கொள்ள வீடு தேடியபோது, வாடகையைவிட அந்தப் பொட்டலம்தான் அடிக்கடி நினைவுக்கு வந்தது.

அதற்கு முன் இரண்டு வருடம் நான் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க்கில் தனியாக இருந்தேன். நாலு பேர் சேர்ந்து எடுத்த வீடு, இரண்டு பேருக்கு ஓர் அறை. கீழே இறங்கினால் சிராங்கூன் ரோடு. தேக்கா சந்தையில் முருங்கைக்காய், வாழையிலை, மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கும். நகர மையத்தில், ஷென்டன் வேயில் இருக்கும் அலுவலகத்துக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம். அந்த வாழ்க்கையில் தூரம் என்ற பேச்சே இல்லை.

மனைவிக்கும் மகளுக்கும் குடும்ப பாஸ் (என்னோடு தங்கும் அனுமதி) கிடைத்ததும் அதே பேட்டையில்தான் முதலில் தேடினேன். இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் ‘மூவறை’ என்றால் படுக்கையறை இரண்டுதான், கூடத்தையும் ஓர் அறையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ‘நாலறை’ என்றால்தான் மூன்று படுக்கையறை. இது தெரியாமல் விளம்பரம் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய பேர். ஃபேரர் பார்க்கில் ஒரு பழைய மூவறை வீட்டுக்கு 3,100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்டார்கள். வடக்குக் கோடியில் இருக்கும் உட்லண்ட்ஸில் நாலறை வீடு 2,600 வெள்ளிக்கு வந்தது. மாதம் 500 வெள்ளி குறைவு, அறை ஒன்று கூடுதல். இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு 12,000 வெள்ளி மிச்சம். வைப்புத்தொகை, முத்திரை வரி இரண்டும் வாடகையை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் அவையும் குறையும். இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு வழக்கமாக இரண்டு மாத வாடகை வைப்பாகக் கேட்பார்கள். முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 சதவீதம். எனக்குச் சுமார் 250 வெள்ளி வந்தது.

நடுவில் இன்னொரு வீடு கிட்டத்தட்ட முடிவாகி, கடைசியில் நழுவிப் போனது. வீட்டுக்காரருக்குச் சம்மதம், எங்களுக்கும் பிடித்திருந்தது. ஆனால் வீவக வீடுகளை வெளிநாட்டவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கு ஒதுக்கீடு உண்டு. மலேசியர் அல்லாத வெளிநாட்டவர்களுக்கு வட்டாரத்தில் 8 சதவீதம், ஒரு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) 11 சதவீதம். அந்த புளோக்கில் அது நிரம்பியிருந்தது. வீடு பார்க்கப் போகும் முன்பே ஏஜெண்டிடம் இதைக் கேட்டுவிடுங்கள். பார்த்த பிறகு, குழந்தைக்கு எந்த அறை என்று மனதுக்குள் முடிவு செய்த பிறகு கேட்டால் வலிக்கும்.

சரி, தூரம். கூகுள் மேப் காட்டும் நிமிடங்களை நம்பி மட்டும் வீடு எடுக்கக்கூடாது என்று நான் உறுதியாக நினைத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை முதல் ரயில்களில் ஏறி, உட்லண்ட்ஸுக்குப் பக்கத்துப் பேட்டையான செம்பவாங் போய் இறங்கினேன். அங்கே ஒரு வீடு 2,500 வெள்ளிக்கு இருந்தது. வேலைக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக வடக்கு தெற்குத் தடத்தில் திரும்பினேன். ரயில் காத்திப் தாண்டி இயோ சூ காங் வரும்வரை பாலத்தின்மேல், இரண்டு பக்கமும் பச்சைப்பசேலென்று ஓடுகிறது. பார்க்க அழகு. ஆனால் நின்றுகொண்டே பார்த்தேன். செம்பவாங்குக்கு வரும்போதே ரயிலில் ஆள் நிறைந்திருந்தது. ராஃபிள்ஸ் பிளேஸ் வரை ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை.

மறுநாள் உட்லண்ட்ஸ் தெற்கு. அது தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில், ரயில் புறப்படும் உட்லண்ட்ஸ் வடக்கிலிருந்து மூன்றாவது நிலையம். உட்கார இடம் கிடைத்தது. அங்கிருந்து ஷென்டன் வே 15-ஆவது நிறுத்தம். எங்கும் இறங்கி மாற வேண்டாம். இந்தத் தடம் ஷென்டன் வே வரை நீண்டதே 2022 நவம்பர் 13-ல்தான். அதற்கு முன்பு நான் வீடு தேடியிருந்தால் உட்லண்ட்ஸ் என்ற பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். நின்று போகிற ஐம்பது நிமிடமும், உட்கார்ந்து போகிற ஐம்பது நிமிடமும் ஒன்றல்ல. இரண்டு முறை மாறிப் போகிற நாற்பது நிமிடம் இரண்டையும்விட மோசம்.

அப்புறம் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாசலிலிருந்து வாசலுக்கு 65 நிமிடம். ஃபேரர் பார்க்கோடு ஒப்பிட்டால் போகவர தினமும் 70 நிமிடம் கூடுதல். 22 வேலை நாளுக்கு 25 மணி நேரத்துக்கு மேல், அதாவது மாதத்தில் ஒரு முழு நாள். ரயில் கட்டணம் தூரத்தைப் பொறுத்ததுதான், ஆனால் மிகக் குறைந்த கட்டணத்துக்கும் மிக அதிகமான கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசமே ஒரு பயணத்துக்குச் சுமார் ஒன்றேகால் வெள்ளி. எனக்கு மாதம் 45 வெள்ளி கூடும் என்று போட்டுக்கொண்டேன். மிச்சமாகும் 455 வெள்ளியை மணிக்கணக்கால் வகுத்தால் ஒரு மணி நேரத்தைச் சுமார் 18 வெள்ளிக்கு விற்கிறேன் என்று வந்தது. அதை அப்படியே ஊரில் இருந்த மனைவியிடம் போனில் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மணி நேரம் எல்லாம் ஒண்ணு இல்லைங்க. விடியக்காலை ஆறு மணி வேற, சாயங்காலம் ஆறு மணி வேற. பாப்பா முழிச்சிருக்கிற நேரத்துல நீங்க வீட்ல இருப்பீங்களா, அதச் சொல்லுங்க” என்றாள்.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். இரண்டு வாரமாக நிமிடங்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன், எந்த நிமிடங்கள் என்று பார்க்கவேயில்லை. அப்பாவுக்கும் பிரச்சினை அறுபது கிலோமீட்டர் அல்ல, திரும்பி வந்த நேரம்தான். மறுநாளே மேலாளரிடம் போய் எட்டு மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடித்துக்கொள்ள அனுமதி கேட்டேன். அவர் சரி என்ற பிறகுதான் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் மறுத்திருந்தால் 3,100 வெள்ளி கொடுத்து ஃபேரர் பார்க்கிலேயே இருந்திருப்போம். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது காலை 6:50-க்குக் கிளம்புகிறேன். சிங்கப்பூரில் சூரியன் எழவே ஏழு மணியாகும், அதனால் இருட்டில்தான் நடை. மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். காலைகளை இழந்துவிட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை. வார நாளில் 7:45-க்கு முன் அட்டையைத் தட்டி நிலையத்துக்குள் போனால் கட்டணத்தில் 50 காசு வரை குறையும், அது ஒரு சின்ன லாபம். மாலை 6:15-க்கு வீடு. சூரியன் மறைய ஏழு மணி ஆகும் என்பதால் விளையாட்டுத் திடலில் நல்ல வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. சறுக்குமரம், ஊஞ்சல், கையில் ஒரு டப்பாவில் மாதுளை முத்து.

மனைவிக்கு முதல் மூன்று மாதம் கடினமாகத்தான் போனது. குடும்ப பாஸில் இருப்பவர்கள் 2021 மே முதல் தனியாக வேலை அனுமதி வாங்காமல் வேலை செய்ய முடியாது. அதனால் பகலெல்லாம் அவளும் குழந்தையும் மட்டும். தாழ்வாரத்தில் எல்லாக் கதவும் மூடியிருக்கும். தமிழ் கேட்க வேண்டுமென்றால் தேக்காதான் போக வேண்டும். ஸ்டீவன்ஸில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்க முக்கால் மணி நேரத்துக்கு மேல். “வாடகையை நீங்க மிச்சம் பண்ணீங்க, அதுக்கு விலை நான் கொடுக்கிறேன்” என்று ஒரு நாள் சொன்னாள். உண்மை. என் கணக்கில் அவளுடைய பகல் பொழுதுக்கு ஒரு வரிகூட இல்லை. தூரப் பேட்டையில் வீடு எடுக்கிற ஆண்கள் இதைத் தயவுசெய்து முதலில் யோசியுங்கள். நமக்கு அலுவலகத்தில் நாலு பேர் இருக்கிறார்கள்.

உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இருப்பதை அவளேதான் கண்டுபிடித்தாள். வாரம் இரண்டு முறை மகளோடு போகத் தொடங்கினாள். சுங்கை காடுட்டில் இருக்கும் அரசகேசரி சிவன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் மாடிக்கு இரண்டு மாடி கீழே குடியிருக்கும் ஆன்ட்டியைப் பார்த்தாள். அதுவரை லிஃப்டில் தலையசைத்த பழக்கம் மட்டும்தான்.

ஆன்ட்டிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. செம்பவாங்கில் பிரிட்டிஷ்காரர்களின் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அப்பா அங்கே தொழிலாளி. 1968-ல் அந்தக் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது, 1971-ல் பிரிட்டிஷ் படை கிளம்பியது. “தீபாவளிக்கு சிராங்கூன் ரோடு போறதுன்னா எங்களுக்கு அது ஊருக்குப் போற மாதிரி. பஸ்ஸிலேயே பாதி நாள் போயிடும். இங்க எம்ஆர்டி ரயில் வந்ததே 96-லதான்” என்பார். பங்குனி உத்திரத்துக்கு ஈசூனில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். அந்த முருகனும் கடற்படைத் தளத்துத் தொழிலாளிகளோடு செம்பவாங்கில் இருந்தவர்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரு நாள் மாலை மூன்றரை மணிக்கு மனைவி அழைத்தாள். மகளுக்கு 39.6 காய்ச்சல், உடம்பு தூக்கிப் போடுகிறது. அப்படியே எழுந்து ஓடினேன். ரயில் ஏறியபின் செய்ய ஒன்றுமில்லை. இந்தத் தடம் முழுக்கச் சுரங்கம், ஜன்னலில் தெரிவது என் முகம் மட்டும். கதவுக்கு மேலே நிலையங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஸ்டீவன்ஸ், கால்டிகாட், அப்பர் தாம்சன். ஸ்பிரிங்லீஃப் தாண்டியதும் உட்லண்ட்ஸ் தெற்கு வரும்வரை நிற்காமல் ஓடுகிற அந்த நீளமான சுரங்கம் அன்றைக்கு முடியவே இல்லை. ஃபேரர் பார்க்கில் இருந்திருந்தால் கேகே குழந்தைகள் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது என்று மட்டும் மனம் திரும்பத் திரும்பச் சொன்னது. நான் போய்ச் சேர்வதற்குள் ஆன்ட்டி டாக்ஸி பிடித்து இரண்டு பேரையும் மருத்துவரிடம் கூட்டிப்போய், மருந்து கொடுத்து, காய்ச்சலும் இறங்கத் தொடங்கியிருந்தது. ஆன்ட்டியின் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த 500 வெள்ளியின் உண்மையான விலை அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குத் தெரிந்தது. ஆன்ட்டி இல்லாத புளோக்காக இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் வசிக்கும் மலேசியத் தமிழர். காலை நாலே காலுக்கு மோட்டார் சைக்கிளை எடுத்து இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலத்தைக் கடந்து வருகிறவர். பாலம் ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் சில நாள் அதைக் கடக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பார். நம் ஒரு வெள்ளி அந்தப் பக்கம் 3 ரிங்கிட்டுக்கு மேல். அதை வைத்து சொந்த வீடு கட்டிவிட்டார். “ஒரு மணி நேரத்துக்கே இவ்வளவு யோசிக்கிறீங்களேண்ணே” என்று ஆரம்பத்தில் கேட்டவர், மகள் காய்ச்சல் கதையைக் கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. உட்லண்ட்ஸ் வடக்கிலிருந்து ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்குப் போடும் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயிலுக்காகத்தான் காத்திருக்கிறார். அதில் எல்லையை ஐந்தே நிமிடத்தில் கடந்துவிடலாம் என்கிறார்கள். அவருடைய மகனுக்கு இப்போது ஒன்பது வயது.

போன வருடம் அப்பா 30 நாள் விசாவில் வந்தார். ஒரு நாள் காலை என்னோடு ஷென்டன் வே வரை வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நிலையங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். இந்த நாட்டின் வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடிக்கே வந்துவிட்டோம் என்றேன். “செங்கல்பட்டுலேர்ந்து தாம்பரம் வந்த மாதிரிதான் இருக்கு” என்றார். அவருடைய ரயிலில் சீட்டாடுகிற கோஷ்டி, பஜனை கோஷ்டி, உட்கார்ந்த இடத்தில் கீரை ஆய்கிற அம்மாக்கள் எல்லாம் உண்டு. இங்கே யாரும் யாரோடும் பேசவில்லை என்பதுதான் அவருக்குக் குறை. இறங்கியதும், “எத்தன மணிக்குத் திரும்புவ?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தனியாகவே அடுத்த ரயிலில் வீட்டுக்குப் போனார்.

அன்று மாலை உட்லண்ட்ஸ் தெற்கில் அட்டையைத் தட்டி வெளியே வந்தபோது தாத்தாவும் பேத்தியும் நின்றுகொண்டிருந்தார்கள். மணி 6:05. மகள் ஓடி வந்தாள். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவர் கையில் ஒரு கடலை உருண்டைப் பொட்டலம் இருந்தது, ஊரிலிருந்து கொண்டு வந்தது. அதில் இரண்டைத் தவிர எல்லாவற்றையும் அவள் அதற்குள் தின்று முடித்திருந்தாள்.

ஒப்பந்தம் முடிந்தபோது வீட்டுக்காரர் 2,750 கேட்டார். மனைவியிடம், “ஃபேரர் பார்க் பக்கம் ஒரு முறை பார்க்கலாமா?” என்று கேட்டேன். ஆன்ட்டி வீட்டுக்குக் கொண்டு போகப் பாத்திரத்தில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். “பார்க்கலாம். ஆனா ஆன்ட்டியும் வரணும்” என்றாள்.

இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.