விளக்கை அணைத்தேனா?

நவம்பர் 8
பத்து யானை அல்ல, பதினொன்று.

பாறைமேல் உட்கார்ந்து அண்ணன் ஒருமுறை எண்ணினார், மறுபடி எண்ணினார். ஒன்றும் சொல்லாமல் பைனாகுலரை என்னிடம் நீட்டினார். காது கிழிந்தவளின் கால்களுக்கு நடுவே ஏதோ அசைந்தது. செம்மண் நிறம், தலை முழுக்க முடி. பால் குடிக்கும்போது தும்பிக்கையை எங்கே வைப்பதென்று அதற்குத் தெரியவில்லை. நெற்றிமேல் மடித்துப் போட்டது, நழுவியது, திரும்ப மடித்துப் போட்டது.

22 மாதம் சுமந்திருக்கிறாள். போன வருடம் இதே ஆற்றோரம் வழியாகப் போனபோதும் வயிற்றில் இருந்திருக்கிறது. நாங்கள்தான் பத்து என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

யானை பக்கத்தில் இருப்பதை ஊருக்குக் காட்டும் எச்சரிக்கை விளக்கை 5.40-க்குப் போட்டேன். குட்டி இருப்பதை ஊராருக்குப் போகும் குறுஞ்செய்தியிலும் சேர்த்தேன்.

நவம்பர் 9
மழை. ஒரே மழை. நகரவில்லை.

நவம்பர் 10
உடம்பு வலிக்கிறது. அட்டை கடித்த இடம் வீங்கியிருக்கிறது.

குட்டி இருப்பதால் அவசரப்பட மாட்டார்கள். பகலெல்லாம் ஆற்றோரத் துண்டுக் காடு, இருட்டிய பிறகு தேயிலைக்குள் நடை. அக்கரை போகவேண்டுமென்றால் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் பஸ் நிற்கும் வளைவுக்கும் நடுவேதான் சாலையைக் கடக்க வேண்டும். வேறு வழி இல்லை. வால்பாறை மேட்டில் 220 சதுர கிலோமீட்டர் அளவுக்குத் தோட்டம், அதற்குள் அங்கங்கே கிழிசல் துணி மாதிரி காடு. அந்தக் கிழிசல்களைப் பிடித்துப் பிடித்துத்தான் அவர்கள் போகிறார்கள்.

கடைசி பஸ்ஸில் எத்தனை பேர் வருவார்கள்? இந்தப் பனியில் ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இங்கே யானையால் இறந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எதிரே யானை நிற்பதே தெரியாது. யானை அவர்களைத் தேடி வரவில்லை, அவர்களும் யானையைத் தேடிப் போகவில்லை. யாராவது ஒருவர் முன்னாலேயே சொல்லியிருந்தால் போதும்.

நவம்பர் 11
இதை எழுதத்தான் வேண்டும்.

கூட்டம் விடியற்காலை நாலு மணிக்கே மேல் காட்டுக்கு ஏறிவிட்டது. அண்ணன் ஆறு மணிக்குக் கூப்பிட்டுச் சொன்னார். சரி என்றேன். அது நினைவிருக்கிறது. அப்புறம் காய்ச்சலில் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் மதியம் மூன்று, விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. ஒரு போன் போட்டால் அணையும் விளக்கு. அந்த ஒரு போனை நான் போடவில்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அண்ணன் சமாதானம் சொல்கிறார். எனக்கு அது சமாதானமாக இல்லை. ஒன்பது மணி நேரம் அந்த விளக்குக்குக் கீழே எத்தனை பேர் போய் வந்தார்கள்? இலை வண்டி போயிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போயிருப்பார்கள். மேலே எரிகிறது, ஆனால் எதுவும் இல்லை. ஒருநாள் அப்படிப் பார்த்த பிள்ளை மறுநாள் எதற்கு நிற்க வேண்டும்? விளக்கு எரியாமல் போனால் அது பழுது, சரி செய்யலாம். யானை இல்லாதபோது எரிந்தால் அது பொய். பொய்யை எதைக்கொண்டு சரி செய்வது?

நவம்பர் 12
காய்ச்சல் 101. விளக்கு அணைந்திருக்கிறது. ஜன்னல் வழியாக இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

நவம்பர் 13
கடைசி வீட்டுப் பாட்டியிடம் போன் கிடையாது. குறுஞ்செய்தி இல்லை, குரல் அழைப்பு இல்லை. கேபிள் டிவியின் கீழே ஓடும் எழுத்தை வாசிக்கவும் தெரியாது. அவருக்கு இருப்பது விளக்கு மட்டும்தான். விடியும் முன்பே விறகுக்குப் போகிறவர்.

"அது சும்மாதானே எரியுது கண்ணு. அன்னிக்கு பகலெல்லாம் எரிஞ்சுதே, ஒண்ணையும் காணோம்."

தவறு என்னுடையது பாட்டி, இனி அப்படி நடக்காது என்றேன். என் கையைப் பிடித்துப் பார்த்து, சுடுது, கஞ்சி குடி என்றார். விறகைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நவம்பர் 15
கோபத்தில் கை நடுங்குகிறது.

மதியம் கூட்டம் தேயிலைச் சரிவில் இறங்கியிருக்கிறது. சாலையில் வண்டிகளை நிறுத்தி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முப்பது பேர். சுற்றுலா வந்தவர்கள் மட்டுமல்ல, நம் ஆட்களும்தான். ஒருவன் பட்டாசு போட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது பெரியவள் சாலையைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள், மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் ஒட்டி நிற்கிறார்கள், குட்டி எங்கே என்றே தெரியவில்லை. வயிறுகளுக்கு நடுவில் மூடிவிட்டார்கள்.

வேட்டைத்தடுப்புக் காவலர்கள் வந்து ஆட்களைக் கலைத்தார்கள். அதற்குள் கூட்டம் சிதறி தோட்டத்தின் அடுத்த டிவிஷன் பக்கம் ஓடிவிட்டது. அங்கே பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, கண்காணி அண்ணன் போனை எடுத்தார். விரட்டினால் யானை மறைந்துவிடுவதில்லை, பயந்துபோய் இன்னொருவர் முன்னால் போய் நிற்கிறது. இதை எத்தனை முறை சொல்வது?

நவம்பர் 16
சத்துணவுக் கூடத்துச் சுவர். மூன்றாவது தடவை. ஒற்றை ஆண், நம் கூட்டம் இல்லை. அரிசி மூட்டைகளை ராத்திரி அங்கே வைக்க வேண்டாம் என்று போன மாதமே சொல்லியிருந்தோம். வேறு எங்கே வைப்பது என்று ஆயாம்மா கேட்கிறார். அவர் கேள்வி நியாயமானது. தேயிலையை யானை தொடுவதில்லை, அரிசி வாசனைக்குச் சுவரை இடிக்கிறது. காலையில் பிள்ளைகள் செங்கல்லுக்கு நடுவே சிந்திக் கிடந்த பருப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 18
மூன்று நாளாகக் கூட்டத்தைக் காணவில்லை. யானைச் சாணம் இல்லை, தடம் இல்லை. பட்டாசில் குட்டி பிரிந்திருக்குமோ? ராத்திரி தூக்கமே இல்லை.

நவம்பர் 19
விளக்கை அணைத்தேனா? இன்று போடவே இல்லை.

நவம்பர் 20
தடம்!

ஓடைச் சேற்றில் பெரிய வட்டங்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஒரு வட்டத்துக்குள்ளேயே, கரையைத் தொடாமல், சின்ன வட்டம் ஒன்று. அம்மா மிதித்த பள்ளத்திலேயே கால் வைத்து ஏறியிருக்கிறது. என் உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அண்ணன் எதுவும் பேசாமல் பீடியைத் திரும்ப டப்பாவில் வைத்தார்.

5.30-க்கு விளக்கு. அதற்கு முன் பாட்டி வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னேன். "சரி, இனிமே போடறப்போ வா, அணைக்கறப்போவும் வா" என்றார். வருகிறேன்.

நவம்பர் 21
6.15-க்கு அணைத்தேன். 6.25-க்குப் பாட்டி வீடு. 5.45-க்கு மறுபடி போட்டேன். 5.55-க்குப் பாட்டி வீடு.

நவம்பர் 22
இன்று கடப்பார்கள் போலிருக்கிறது. அண்ணன் வளைவுக்கு மேலே, நான் லைன் பக்கம். கடைசி பஸ்ஸை முந்தைய நிறுத்தத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். டிரைவர் ஹெட்லைட்டை அணைத்துவிட்டார். உள்ளே பதினான்கு பேர், யாரும் சத்தம் போடவில்லை என்கிறார். பாட்டி கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருக்கிறார், பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

9.40. பெரியவள் சாலையில் இறங்கி நிற்கிறாளாம். பின்னால் ஏழு. பனி ஏறுகிறது.

9.52. பத்து யானையும் கடந்துவிட்டன. சாலையோர மண்திட்டு உயரம். குட்டி இன்னும் இந்தப் பக்கம். காது கிழிந்தவள் திரும்பி வருகிறாள்.