ஊதா டார்ச்சும் என் 500 ரூபாயும்

மளிகைக்கடை அண்ணாச்சி கல்லாவில் குட்டியாக ஒரு புற ஊதா டார்ச் வாங்கி வைத்திருக்கிறார். சும்மா என் 500 ரூபாய் நோட்டில் அடித்துக் காட்டச் சொன்னேன். வெறும் கண்ணுக்குத் தெரியாத பொடி இழைகள் அங்கங்கே மினுங்குகின்றன, வரிசை எண் பளிச்சென்று ஒளிர்கிறது, ஆனால் தாள் மட்டும் மங்கலாகவே கிடக்கிறது, நல்ல நோட்டு அப்படித்தான் இருக்குமாம். வெள்ளை ஏ4 தாளை வைத்தால் நீலமாகக் கண்ணைப் பறிக்கிறது, வெண்மைக்காக அதில் சேர்க்கும் ரசாயனம் செய்கிற வேலை.

அப்புறம் இன்னொரு நோட்டை நீட்டினேன், முழுசும் நீலம்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வாரம் சட்டைப்பையோடு வாஷிங் மெஷினில் போட்ட நோட்டு அது. சோப்புத்தூளிலும் அந்த வெளுப்பு ரசாயனம் உண்டே. அண்ணாச்சி இழைகளைத் தேடிப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, குளிச்சிட்டு வந்திருக்கு" என்று கல்லாவில் போட்டுக்கொண்டார்.