கையில் குச்சி, பேச்சு காலோடு

ஜெர்மனிக்கு வந்து மூன்றாவது வருடம் ஃபெர்டன் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வீடு மாறினோம். ஹனோவர் குதிரைகளுக்குப் பேர்போன வட்டாரம், ஃபெர்டன் ஊருக்குள் குதிரைக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் கடைசியில் குதிரையில்தான் வந்து நிற்கும். சரி, நாமும் குதிரையேற்றம் கற்றுக்கொள்வோம் என்று 38 வயதில் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

சில வாரம் கழித்து ஆசிரியை என் கையில் ஒரு மெல்லிய நீளக் குச்சியைக் கொடுத்தார். இங்கே அதை 'கெர்ட்டே' என்கிறார்கள். எனக்கு மனசே வரவில்லை. பழனியில் வளர்ந்தவன் நான், குதிரை வண்டிக்காரர் வீசும் சாட்டையின் சுளீர் இன்னும் காதில் இருக்கிறது. அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "யார் அடிக்கச் சொன்னது? இது உன் காலுக்குத் துணை" என்றார்.

அதுவரை நான் செய்தது என்னவென்றால், குதிரை நகரவில்லை என்று கெண்டைக்காலால் ஓயாமல் இடித்துக்கொண்டே இருந்தேன், அதுவும் காது கேளாதது மாதிரி பழகிவிட்டது. சரியான முறை வேறு: முதலில் காலால் மெதுவாக ஒரு முறை கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் உடனே, காலுக்குச் சற்றுப் பின்னால் ஒரு தட்டு. நகர்ந்த நொடியே காலும் குச்சியும் சும்மா இருக்க வேண்டும். அப்படிச் சும்மா இருப்பதுதான் குதிரைக்கு நாம் சொல்லும் 'சரி'. எனக்கு இதைப் பழகத்தான் அதிக நாள் பிடித்தது.

முதல் நாள் தட்டும்போது கை முழுவதும் பின்னால் போய்க் கடிவாள வார் இழுபட்டுவிட்டது. போ என்றும் நில் என்றும் ஒரே நேரத்தில் சொன்னால் அது என்ன செய்யும்? தலையை உதறிக்கொண்டு நின்றது. பாவமாக இருந்தது. நீளக் குச்சிக்கு மணிக்கட்டை லேசாகத் திருப்பினாலே போதும். குட்டைக் குச்சி என்றால் இரண்டு வாரையும் மறு கைக்கு மாற்றிவிட்டுத்தான் தட்ட வேண்டும்.

அன்று இறங்கி நிற்கும்போது அதன் தோளில் ஒரு ஈ உட்கார்ந்தது. அந்த இடத்துத் தோல் மட்டும் வெடுக்கென்று சிலிர்த்தது. ஈ உட்காருவதே தெரிகிற உடம்புக்கு எதற்கு அடி?

அப்பாவிடம் போனில் சொன்னபோது, "நம்ம ஊர் வண்டிக்காரங்களும் சாட்டைக் கம்பைச் சக்கரத்து ஆரத்தில் விட்டுக் கடகடன்னு சத்தம் கொடுப்பாங்களே, அதுக்கே ஓடும்" என்றார். எனக்கு அந்தச் சத்தமும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.