டாப்ஷான்ஸ்கியின் ஈக்களும் ஒரு நல்ல ஸ்லைடும்

இயற்கைத் தேர்வு சில மாதங்களிலேயே கண்ணுக்குத் தெரியும் என்று காட்டியவர் தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கி. 1927-இல் லெனின்கிராடிலிருந்து அமெரிக்க மரபியலாளர் டி. எச். மார்கனின் ஆய்வகத்துக்கு வந்தவர். பிறகு பாட்டிலில் வளரும் ஆய்வகப் பழ ஈயான மெலனோகாஸ்டரை விட்டு, காட்டு ஈயான டிரோசோஃபிலா சூடோஅப்ஸ்கியூராவின் பின்னால் போனார். அந்த வேலை முழுக்க நிற்பது ஈயின் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் எடுத்த ஸ்லைடின் மேல். அந்தச் செல்களின் குரோமோசோம்கள் நுண்ணோக்கியில் குறுக்குப் பட்டைகள் கொண்ட தடித்த இழைகளாகத் தெரியும்.

காட்டில் பிடித்த பெண் ஈ ஒவ்வொன்றையும் தனிக் குப்பியில் முட்டையிட விட்டு, குப்பிக்கு ஒரே ஒரு புழு எடுக்க வேண்டும். ஒரு தாயின் இரண்டு புழுக்களைச் சேர்த்தால் ஒரே குரோமோசோமை இருமுறை எண்ண நேரும்.

கூடு கட்டுமுன் குப்பிச் சுவரில் ஏறும் கொழுத்த புழுதான் சரி. 0.7% உப்புக் கரைசல் துளியில், ஒரு ஊசியால் உடலை அழுத்திக்கொண்டு, இன்னொன்றால் கறுத்த வாய்க்கொக்கியைப் பிடித்து இழுத்தால் பளிங்கு போன்ற சுரப்பி ஜோடியாகக் கூடவே வரும். ஒட்டியிருக்கும் கொழுப்பை வழித்துவிடுங்கள். அது இருந்தால் செல்கள் பரவாது. 2% அசிட்டோ-ஆர்சின் சாயத்தில் பத்து நிமிடம் ஊறவிட்டு, 45% அசிட்டிக் அமிலத் துளிக்கு மாற்றி, கவர்ஸ்லிப் போட்டு, வடிதாளுக்கு மேல் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். கவர்ஸ்லிப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழைகள் உருண்டு நாசம்.

இழை மெலிந்து பட்டைகள் மங்கினால் உடனே சாயத்தைத் திட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் குப்பியில் புழு நெரிசல். கூட்டத்தைக் குறைத்து, ஈஸ்ட் கூட்டி, 18 டிகிரியில் வளர்த்தால் தடித்த இழை கிடைக்கும்.

இந்த ஈயின் மூன்றாம் குரோமோசோமில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பதுதான் இன்வர்ஷன். தாய்வழி குரோமோசோமின் பட்டை வரிசையும் தந்தைவழி வரிசையும் வேறானால், பட்டைக்குப் பட்டை ஒட்டப் பார்த்து ஒரு கண்ணி விழும். கண்ணி இல்லாததால் இன்வர்ஷனே இல்லை என்று எழுதிவிடக் கூடாது: இரண்டும் ஒரேபோலத் திரும்பியிருந்தாலும் கண்ணி வராது. பட்டை வரைபடத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும், அலுப்பான வேலைதான்.

கலிஃபோர்னியாவின் சான் ஹசின்டோ மலையில், பின்யான் ஃப்ளாட்ஸில், 'ஸ்டாண்டர்ட்' என்ற பட்டை வரிசையின் விகிதம் மார்ச்சிலிருந்து ஜூன்வரை இறங்கி, கோடையில் மறுபடி ஏறியது. 'சிரிகாவா' என்ற இன்னொரு வரிசை அதற்கு நேரெதிர். இன்வர்ஷனால் ஈக்கு நன்மையுமில்லை தீமையுமில்லை என்று எண்ணியிருந்த டாப்ஷான்ஸ்கி கருத்தை மாற்றிக்கொண்டார். 1946-இல் மரபியலாளர் சீவல் ரைட்டோடு வெளியிட்ட, இரண்டு வரிசை ஈக்களையும் கூண்டில் சேர்த்து வளர்த்த சோதனையில், 25 டிகிரியில் ஸ்டாண்டர்ட் ஏறி, சுமார் 70 சதவீதத்தில் நின்றுவிட்டது. இரண்டு வரிசையும் கலந்த ஈக்களே நன்றாகத் தாக்குப்பிடித்ததால் சிரிகாவா அழியவில்லை. 16.5 டிகிரியில் விகிதம் அசையவே இல்லை.